தரைக்கு அடியில் ஒரு குழாய்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் வலதுபக்க ஜன்னலைப் பிடிப்பது நல்லது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று நகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிக்கொண்டு போகும் வண்டி, எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியைக் கடக்கிறது. பாலத்தின் தடதடப்பு அடங்கிச் சற்று நேரத்தில் அத்திப்பட்டுப் புதுநகர். அங்கே வானத்தைப் பங்குபோட்டு நிற்பவை வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 210 மெகாவாட்டில் மூன்று, 600 மெகாவாட்டில் இரண்டு அலகுகள்; சேர்த்து 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர மூலை இப்படித்தான் நிலக்கரியைத் தின்று மின்சாரமும் சாம்பலும் தருகிறது.

மின்சாரம் கம்பி வழியே போய்விடும். சாம்பல் எங்கே போகிறது? ஒரு பங்கு குழம்பாகக் கரைத்துச் சாம்பல் குளத்துக்குள் விடப்படுகிறது. அந்தக் குளத்தின் கரையிலேயே இருக்கும் செப்பாக்கம் கிராமத்து மக்களைக் கேட்டால், காற்றடிக்கும் நாளில் சோற்றுத் தட்டில் என்ன விழும் என்று சொல்வார்கள். இன்னொரு பங்கு மூடிய பல்க்கர் லாரிகளில் ஏறி சிமென்ட் ஆலைகளுக்கும், செங்கல்லுக்கு மாற்றாகச் சாம்பல் கல் அறுக்கும் பட்டறைகளுக்கும் போகிறது. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ரயில் பாதையை ஒட்டி முளைத்துக்கொண்டிருக்கும் வீடுகளின் சாம்பல் நிறச் சுவர்கள் அப்படி வந்தவைதாம். மின்நிலையத்தில் எரிந்த நிலக்கரி, சில மாதங்களில் யாரோ ஒருவருடைய படுக்கையறைச் சுவராகிவிடுகிறது.

இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. 1999 செப்டம்பர் 14 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ. வட்டத்துக்குள் செங்கல் அறுப்பவர்கள் மண்ணோடு சாம்பலைக் கலந்தாக வேண்டும் என்றது. 2003 இல் அந்த வட்டம் 100 கி.மீ. ஆயிற்று; 2016 இல் 300 கி.மீ. மேல்மண்ணைக் காப்பாற்ற அது நல்ல யோசனை. ஏரி வயிற்றையும் வயல் மேட்டையும் தோண்டிச் சூளைக்கு ஏற்றிய மாவட்டம் இது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வீட்டுக்குள் என்ன வருகிறது?

வருவதின் பெயர் ரேடான். மண்ணிலும் பாறையிலும் எங்கும் துளித்துளியாக இருக்கும் யுரேனியம், படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது பிறக்கும் வாயு. நிறமில்லை, மணமில்லை, எதனோடும் சேராது. அதனால்தான் மண்ணின் இடுக்குகளில் நழுவி மேலே வர முடிகிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள், கடைக்காலின் அடியிலிருந்து கூடத்துக்கு வந்து சேர அது தாராளமான அவகாசம். வந்த வாயுவை மூச்சில் இழுத்தாலும் பெரும்பகுதி வெளியே போய்விடும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்தான் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கி, ஆல்ஃபா கதிரை மிக அருகிலிருந்து வீசுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இல் ரேடானை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. நாடு நாடாக மாறினாலும், நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருவதாக அதே நிறுவனம் 2009 இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. புகைப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

உடனே பயந்து ஜன்னலை மூடிவிடக் கூடாது. மூடுவதுதான் இதில் தவறு.

வீட்டு ரேடான் விவகாரம் அமெரிக்காவில் பரவலாகத் தெரியவந்ததும் ஒரு கட்டுமானப் பொறியாளரால்தான். 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம் இன்னும் முழுதாக இயங்கத் தொடங்கவில்லை. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ், கதிரியக்கம் காட்டும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. வேலை முடிந்து வெளியே போகும்போது அலறினால் புரியும். காலையில் வீட்டிலிருந்து உள்ளே வரும்போதே அலறியது. குறை மின்நிலையத்தில் இல்லை, அவருடைய வீட்டில் இருந்தது. ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் ரேடான்; நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உலக வீடுகளின் சராசரி 40 பெக்கரல் அளவு. அமெரிக்கா நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 148. உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு 100. ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளிவந்த கணக்கு, ஒவ்வொரு 100 பெக்கரலுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 16 சதவீதம் கூடுவதாகக் காட்டியது.

அதற்குப் பிறகு அமெரிக்கா செய்த காரியங்களில் கவனிக்க வேண்டியது, வீடு கட்டுகிறவர்களுக்குப் பாடம் எடுத்ததுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994 இல் புது வீடுகளுக்கு மாதிரி விதிகளை வெளியிட்டது. 2001 இல், படம் போட்டுப் படிப்படியாக விளக்கும் கையேடு ஒன்றைக் கட்டுநர்களுக்காகவே அச்சிட்டது. வீட்டைக் கட்டும்போதே செய்தால் செலவு 250 முதல் 750 டாலர்; கட்டி முடித்த பிறகு தரையைக் குடைந்து சரிசெய்யப் போனால் 800 முதல் 2,500 டாலர் என்பது அந்தப் பிரசாரத்தின் வாதம். அயர்லாந்து 1998 இலிருந்து, ரேடான் மிகுந்த பகுதிகளில் எழும்பும் ஒவ்வொரு புது வீட்டின் தரைக்கடியிலும் தடுப்பு விரிப்பைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பாடத்தைக் கும்மிடிப்பூண்டி மேஸ்திரியிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? அவருடைய பேச்சில் ரேடான் என்ற சொல் இல்லை. ஆனால் ஜல்லி, ஷீட், பைப்பு எல்லாம் அவர் கையில் தினமும் புழங்குகின்றன. அமெரிக்கக் கையேட்டை அப்படியே தமிழில் போட்டுக் கொடுத்தால் பாதி பயன்படாது. அதன் வரிசையைத் தலைகீழாக்கினால் பயன்படும் என்பதை இந்த வட்டாரத்தைச் சுற்றி வந்தாலே புரிந்துகொள்ளலாம்.

முதலில் சுவர். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 30 முதல் 45 சதவீதம். 100 கிலோ எரிந்து 40 கிலோ சாம்பல் மிஞ்சினால், நிலக்கரியில் இருந்த ரேடியம் முழுக்க அந்த 40 கிலோவுக்குள் வந்து சேர்கிறது. கிலோவுக்கு இரண்டரை மடங்கு. இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்பவர்கள் சாம்பல் கல்லே விஷம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம். கொதிகலனின் வெப்பத்தில் உருகிய சாம்பல், நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக உறைகிறது. ரேடியம் அந்தக் கண்ணாடிக்குள் சிறைபட்டுவிடுவதால், அதிலிருந்து பிறக்கும் ரேடான் வெளியே தப்புவது மண்ணைவிடக் குறைவு. சூளையில் நன்றாக வெந்த செங்கல்லிலும் இதே கதைதான். ரேடியத்தின் அளவு ஒரு கணக்கு, வெளியே வரும் வாயு இன்னொரு கணக்கு. கல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளருக்கு இரண்டையும் சொல்லித்தர வேண்டும். முதல் கணக்கை மட்டும் சொன்னால் பீதிதான் மிஞ்சும்.

சாம்பல் கல்லை வேண்டாமென்று ஒதுக்கினாலும் சாம்பலிடமிருந்து தப்ப முடியாது என்பது வேறு விஷயம். கடையில் வாங்கும் பி.பி.சி. சிமென்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல்தான்.

கட்டுமானப் பொருளே வினையாக வந்த கதை ஒன்று உண்டு. அது சுவீடனில் நடந்தது. 1929 முதல் 1975 வரை அங்கே யுரேனியம் மிகுந்த ஒருவகைக் களிப்பாறையிலிருந்து நீல நிற இலேசான கான்கிரீட் கற்கள் செய்து வீடு கட்டினார்கள். 1956 இலேயே பெங்க்ட் ஹுல்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் வீடுகளுக்குள் அளந்து எழுதிவைத்தார். அப்போது பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி வந்து, சூட்டை மிச்சப்படுத்த எல்லாரும் வீட்டின் இடுக்குகளை அடைத்த பிறகுதான் அந்தக் கற்கள் உண்மையிலேயே பிரச்சினையாயின. மாறியது வீட்டுக்குள் வந்துபோகும் காற்று மட்டும். கும்மிடிப்பூண்டிக்கு அந்த வரலாறு பொருந்தும் இடம் இதுதான்.

பாஸ்பேட் உரத் தொழிற்சாலைகளின் கழிவான ஜிப்சமும் இந்தப் பேச்சில் வர வேண்டியது. பாறை பாஸ்பேட்டில் உள்ள ரேடியத்தின் பெரும்பகுதி அதில் தங்கிவிடும். கொச்சியிலும் மும்பையிலும் அந்த ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து, ஒரு மாடி உயரத்துக்கு ஒரே பலகையாகச் சுவர்கள் வார்க்கப்பட்டன, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013 இல் அப்படி ஒரு மாதிரிக் கட்டடமே எழுந்தது. அதற்கு முன்பே, 2009 இல், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுமானத்தில் இந்த ஜிப்சத்தைப் பயன்படுத்த ரேடியத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டது. இந்தியாவில் வீட்டுச் சுவரும் கதிரியக்கமும் ஒரே அரசு உத்தரவில் சந்தித்த அபூர்வமான தருணம் அது.

பொன்னேரி தாண்டி, கவரைப்பேட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் காற்றில் இரும்பு வாசனை. சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கி வீட்டுக் கம்பி இழுக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் தேநீர்க் கடையில் இந்தி, ஒடியா, தெலுங்கு, தமிழ் நான்கும் ஒன்றாகக் கேட்கும். இந்தத் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று உள்ளூர்க்காரர்கள் கட்டிவிட்டிருக்கும் லைன் வீடுகளைப் பார்க்க வேண்டும். நீளமாக ஒரு கட்டடம்; பத்துக்குப் பத்தில் வரிசையாக அறைகள்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு. பின்சுவர் பக்கத்து மனையோடு ஒட்டியிருப்பதால் பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. நைட் ஷிப்ட் முடித்தவர் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குகிறார்.

அதே ஊரில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்குமான அடுக்குமாடிகளில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஏ.சி. அங்கே ஜன்னல் உண்டு, திறப்பதில்லை. ஜன்னலற்ற அறையும் ஜன்னலைத் திறக்காத அறையும் ரேடானுக்கு ஒன்றுதான்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். கொள்ளளவு ஏறத்தாழ 34 கனமீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்துப் பரப்பு 63 சதுர மீட்டர். கணக்குக்காக, சதுர மீட்டருக்கு மணிக்கு 3.6 பெக்கரல் ரேடான் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் திறந்து, மணிக்கு மூன்று முறை அறைக்காற்று முழுதும் மாறினால், பொருள்களால் சேரும் ரேடான் கனமீட்டருக்கு 2 பெக்கரல்தான். அறையை அடைத்து, காற்று ஒரு முறை மாறப் பத்து மணி நேரம் ஆகிறது என்றால் அதே சுவர்கள் 60 பெக்கரலைத் தாண்டிவிடுகின்றன. கல்லை மாற்றவில்லை, சிமென்டை மாற்றவில்லை. ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பது வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குளிர்நாட்டில் காற்றின் போக்கு வேறு. அங்கே உள்ளே கணப்பு. சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப வீடு தரைக்கடியிலிருந்து மண்ணின் வாயுவை உறிஞ்சுகிறது. அதனால் அமெரிக்கப் பாடம் மண்ணில் தொடங்குகிறது. நம் ஊரில் அந்த உறிஞ்சல் பலவீனம். ஆகவே இங்கே முதல் பாடம் ஜன்னல், எதிர் ஜன்னல், வென்டிலேட்டர். பழைய வீடுகளில் லிண்டலுக்கு மேலே ஜாலி வைத்த ஒரு திறப்பு இருக்கும், ஏ.சி. வந்த பிறகு அதைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், புது வீடுகளில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். மேஸ்திரி அதை மறக்கவில்லை. வேண்டாமென்றவர் வீட்டுக்காரர்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021 இல் இந்த முகாம்களுக்கெல்லாம் மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. பழுதான வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித்தரும் திட்டமும் அந்த ஆண்டே வந்தது. முகாம் ஆண்களில் பலருக்குப் பிழைப்பு பெயின்ட் வேலை. பூச்சும் பெயின்டும் அழகுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். யுரேனியத்தைப் போலவே கதிரியக்கமுள்ள தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் என்ற வாயுவின் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சுவரின் மேல்தோலிலிருந்து மட்டுமே அது உயிரோடு வெளியே வர முடியும். விரிசல் இல்லாத பூச்சும் நல்ல பெயின்டும் அதை அங்கேயே முடித்துவிடுகின்றன. மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளி போன்ற தோரிய மணல் கரைகளில் இது முக்கியம். திருவள்ளூர்க் கரைக்கு அவ்வளவு இல்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே திரும்பி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூருக்குப் போகும் சாலையில் காலடி மண் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். பொன்னேரிப் பக்கம் ஆரணி ஆறு படியவைத்த வண்டல்; ஈரத்தில் இறுகிக்கொள்ளும் களி. நீர் நிறைந்த களிமண்ணின் ஊடே வாயு எளிதில் ஏறாது. மேற்கே போகப் போகச் செம்மண், சரளை, மேடு. சரளை மண்ணில் இடுக்கு அதிகம், வாயுவுக்கு வழி அதிகம். வடமேற்கு எல்லையில் தெரியும் நகரி மலை, கடப்பைப் படுகையின் தென்கோடி. அதே படுகையின் தொலைவான வேறொரு அடுக்கில்தான் தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. நகரியின் பாறை குவார்ட்சைட். அதில் யுரேனியம் சொற்பம். படுகை ஒன்று என்பதால் பாறையும் ஒன்றாகிவிடாது. அதனால்தான் எந்த ஊரிலும் பாடத்தின் முதல் வரி, அளந்து பார் என்பதாக இருக்க வேண்டும்.

பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு வேப்பிலை ஆடை கட்டி வரும் கூட்டத்தைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் சூளைகள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் இறங்குவார்கள். அடுத்த மழைக்குமுன் திரும்புவார்கள். அவர்கள் அறுத்த கல்லுக்கும் அத்திப்பட்டுச் சாம்பல் கல்லுக்கும் இப்போது போட்டி. அதற்கப்பால் கொடி நட்ட மனைகள். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகும் 133 கி.மீ. எல்லைச் சாலையும், சித்தூர்–தச்சூர் விரைவுச்சாலையும் வருகின்றன என்ற பேச்சிலேயே மனைகள் விற்கின்றன. இவற்றில் பெரும்பாலும் தனிவீடுகள்தாம் எழும்பும். மண்ணோடு ஒட்டிய தரைத்தளம். கார் நிறுத்தத் தூண்களின் மேல் எழுப்பிய வீட்டுக்கு மண்ணிலிருந்து வரும் ரேடான் கவலை அநேகமாக இல்லை. தரைவீட்டுக்கு உண்டு.

அங்கே அமெரிக்கக் கையேட்டின் பக்கங்களைத் திறக்கலாம். அதில் உள்ளவை ஐந்து வேலைகள். தரை கான்கிரீட்டுக்கு அடியில் நான்கு அங்குலத்துக்குச் சுத்தமான ஜல்லி. அதன்மேல் 150 மைக்ரான் பாலித்தீன் ஷீட், ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறி வரும்படி. ஜல்லிக்குள் வாய் வைத்து, வீட்டின் ஊடே நேராக மொட்டைமாடிக்கு மேலே போகும் மூன்று அல்லது நான்கு அங்குல பி.வி.சி. குழாய், தரையின் மூட்டுகளையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடைப்பது, பின்னால் தேவைப்பட்டால் குழாயில் விசிறி பொருத்த ஒரு மின் இணைப்பு. ஜல்லி அடுக்கில் சேரும் வாயு, தரையில் விரிசல் தேடாமல் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். விசிறி இல்லாத வெறும் குழாயே ரேடானைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்பது அங்கே கண்ட அனுபவம்.

இதை நம் மேஸ்திரி கேட்டால் முதல் வேலையிலேயே குறுக்கிடுவார். இங்கே பேஸ்மென்ட் என்றால் நிலவறை இல்லை. தரைமட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அடி எழுப்பி, சவுடு மண் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு நிரப்பிய மேடை. அதன்மேல் ஒன்றரை ஜல்லிக் கான்கிரீட் போடுவது அவருக்குத் தெரிந்ததே. ஆனால் அந்த ஜல்லி சிமென்ட் கலவையோடு சேர்ந்தது, இடுக்கெல்லாம் அடைபட்டுவிடும். ரேடானுக்கு வேண்டியது கலவை படாத வறண்ட ஜல்லி. ஷீட் மேலே வருவதே, ஊற்றும் கான்கிரீட்டின் பால் இறங்கி அந்த இடுக்குகளை அடைத்துவிடாமல் இருக்கத்தான். இந்தக் காரணத்தைச் சொன்னால் அவர் ஷீட்டை ஒழுங்காக விரிப்பார். சொல்லாவிட்டால் கம்பி குத்திக் கிழிந்த ஷீட்டின் மேலேயே ஊற்றிவிடுவார்கள்.

கையேட்டில் இல்லாத சிக்கல் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு சுவருக்கடியிலும் பிளின்த் பீம் ஓடுகிறது. ஆகையால் கூடத்தின் அடியில் உள்ள நிரப்பு ஒரு பெட்டி, படுக்கையறையின் அடியில் உள்ளது வேறொரு பெட்டி. கூடத்தில் குழாய் வைத்தால் படுக்கையறையின் அடியில் இருக்கும் வாயு அங்கே வந்து சேர வழியில்லை. பீமுக்குக் கம்பி கட்டிச் சென்ட்ரிங் அடைக்கும்போதே ஆங்காங்கே குறுக்காகச் சிறு குழாய்த் துண்டுகளைப் பொறியாளர் சொல்லும் இடத்தில் வைத்துவிட்டால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும். கான்கிரீட் இறுகிய பிறகு பீமைத் துளைக்க எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார். பயிற்சி என்று ஒன்று நடந்தால் அரை நாளை இதற்கே ஒதுக்கலாம்.

மூட்டு அடைப்பதிலும் உள்ளூர் அறிவு வேண்டும். சுவர் எழுந்து, கூரை போட்டு, பூச்சு முடிந்து கடைசியில்தான் இங்கே தரை போடுகிறார்கள். தரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கோடு எப்போதும் நிற்கும். நிரப்பிய சவுடு சரியாக இறுகாமல் ஓரிரு மழையில் உட்கார்ந்தால் அது விரிசலாகும். டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும் கண்ணுக்கு மறைக்குமே தவிர வாயுவை மறைக்காது. இதே இடைவெளி வழியாகத்தான் கறையானும் வருகிறது. கறையான் மருந்து அடிக்கும் ஆள் முழங்காலிட்டுத் தேடும் இடங்கள் எல்லாம் ரேடான் வரும் இடங்கள்தாம் என்று சொன்னால் மேஸ்திரிக்கு வரைபடமே தேவையில்லை.

போர்வெல் தண்ணீரிலும் ரேடான் கரைந்து வரும். அதற்குத் தமிழ்நாட்டு வீடு அறியாமலே ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது. சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மேல்தொட்டியில் கொட்டும்போது தண்ணீர் சிதறி வாயுவின் ஒரு பகுதி திறந்தவெளியில் போய்விடுகிறது; மீதி தொட்டியில் நிற்கும் நேரத்தில் கொஞ்சம் சிதைகிறது.

இந்தப் பாடத்தை எங்கே சொல்லித்தருவது? புதிதாகப் பள்ளி தொடங்க வேண்டியதில்லை. பிரதமரின் ஊரக வீடு திட்டத்தோடு சேர்ந்த கொத்தனார் பயிற்சி 45 நாள் நடக்கிறது. வகுப்பறையில் அல்ல, உண்மையான ஒரு பயனாளியின் வீட்டைக் கட்டிக்கொண்டே கற்பது அதன் முறை. கடைக்கால் தோண்டுவதிலிருந்து பூச்சு வரை எல்லா நிலையும் பயிற்சிக்காரர் கையில் வந்துபோகும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2030 க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. வீடு ஒன்றின் பரப்பு 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டில் எதிரெதிரே இரண்டு ஜன்னலும் ஒரு வென்டிலேட்டரும் வைக்கக் கற்றுக்கொண்ட கொத்தனார், அடுத்த மாதம் தனியார் வேலைக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் போவார். குழாயும் ஷீட்டும் எல்லா வீட்டுக்கும் வேண்டியதில்லை. அளந்து பார்த்து, கூடுதல் என்று தெரிந்த ஊர்களுக்குப் போதும்.

அளப்பது பெரிய காரியமில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய துளைவழி அளவி ஒரு சிறு டப்பாதான்; உள்ளே எல்.ஆர்.115 என்ற படலத் துண்டு. சுவரிலிருந்து தள்ளி உத்தரத்தில் தொங்கவிட்டு ஏறத்தாழ 90 நாள் விட்டுவிட வேண்டும். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை. ஆல்ஃபா துகள் பட்ட இடங்களில் படலத்தில் தடம் விழும். ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்து அந்தத் தடங்களை எண்ணுவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பல இப்படித்தான் வீடு வீடாக அளக்கின்றன. ஐப்பசி மழையில் ஜன்னல் சாத்தியிருக்கும் மூன்று மாதமும், சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடும் மூன்று மாதமும் தனித்தனியாக அளந்தால்தான் திருவள்ளூரின் உண்மை தெரியும்.

ஊத்துக்கோட்டைக்கு அருகே ஆந்திர எல்லையில் கிருஷ்ணா நீர்க் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதன் கரையோடு போனால் பூண்டி நீர்த்தேக்கம். பக்கத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 இல் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்தவற்றின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011 இல் கணித்தார்கள். சற்றுத் தள்ளிக் குடியம் குகை. குகைகளில் ரேடான் தேங்குவது வழக்கம். குடியம் குகைக்கோ அகலத் திறந்த வாய். காற்றோட்ட விஷயத்தில் அந்த ஆதிமனிதர்கள் கும்மிடிப்பூண்டி லைன் வீட்டுக்காரரைவிட வசதியாக இருந்திருக்கிறார்கள்.

திருவள்ளூருக்குள் நுழையும்போது வீரராகவர் கோயில் தெருக்களைச் சுற்றிப் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. ஊர் ஓரத்தில் கடைக்கால் தோண்டிய மனைகள் அதைவிட அதிகம். இந்த மனைகளில் ஒன்றில் ரேடான் குழாய் வைக்க ஒரு நாள் மேஸ்திரி முன்வந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை.

“எதுக்கு மேஸ்திரி தரைக்குள்ள இன்னொரு பைப்பு?”

“மண்ணுலேர்ந்து வர்ற காத்து மேல போறதுக்கு சார்.”

“ஈசானி மூலையில வராம பார்த்துக்கோங்க. வாஸ்துக்காரர் திட்டுவார்.”

வடமேற்கு மூலையில், வாஸ்துக்காரரே கழிப்பறைக்கும் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் இடம் விட்டிருப்பார். ரேடான் குழாயும் அதன் பக்கத்திலேயே ஏறலாம். வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து, மேலே பெயரையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மாடி கட்டும்போது வரும் பிளம்பர், சும்மா கிடக்கும் லைன் என்று நினைத்து மேல்மாடி பாத்ரூமை அதில் இணைத்துவிடுவார்.